மாஸ்டரின் இடது பக்கம்

பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியைக் கராத்தே வகுப்புக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கட்டடத்துக்காரர் யோசித்துப் பார்க்கவில்லை. முதல் நாளே தெரிந்துவிட்டது. மேலே எட்டுப் பேர் ஒரே குரலில் கத்தியபோது, கீழே வாயைத் திறந்து படுத்திருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு டாக்டரின் விரலைக் கடித்துவிட்டார். டாக்டர் விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"சார், பல்லைப் பிடிக்கிறது என் வேலை. பல்லு என்னைப் பிடிக்கக் கூடாது," என்றார்.

மாஸ்டர் இடுப்பை வளைத்து வணங்கி மன்னிப்புக் கேட்டார். அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் ஆனது. வகுப்பு ஆறு மணிக்கு ஆரம்பிக்கலாம். ஆனால் ஆறரைக்கு கிளினிக் மூடும்வரை மேலே சத்தம் வரக் கூடாது. அதனால் முதல் அரை மணி நேரம் அத்தனை பேரும் ஊமையாகக் கத்துவார்கள். குத்து போகும், வாய் திறக்கும், கண் பிதுங்கும், குரல் மட்டும் வராது. யாராவது புதிதாக எட்டிப் பார்த்தால், மீன் தொட்டிக்குள் தலையை விட்டுவிட்டோமோ என்று நினைப்பார்கள். ஆறரைக்கு கிளினிக்கின் ரிசப்ஷன் பெண் வெள்ளைச் சீருடையோடு மேலே ஓடி வருவாள். அவளும் இங்கே மாணவிதான், பச்சை பெல்ட்.

"கடைசிப் பல்லு போயாச்சு. கத்தலாம்!"

அவ்வளவுதான். அரை மணி நேரமாக வயிற்றில் தேக்கி வைத்த கத்தல் எல்லாம் ஒன்றாக வெளியே வரும். எதிர்க் கட்டடத்துப் புறாக்கள் இடத்தை மாற்றிக்கொள்ளும்.

மாஸ்டருக்கு நாற்பத்தேழு வயது. பகலில் செருப்புக் கடையில் வேலை. கராத்தே மாஸ்டர் என்றால் மலை மாதிரி ஒருவரை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றம்தான். ஒல்லியாக, நெற்றி கொஞ்சம் ஏறிப்போய், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் நமக்கு இடம் விட்டுத் தள்ளி உட்காருகிற மனிதர். பத்தொன்பது வருஷமாக ஊரார் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்து ஷூ மாட்டி விட்டதில் அவருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எதிரே யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் பாதத்தைப் பார்ப்பார். சண்டைப் பயிற்சியில் எதிராளி பாய்ந்து வரும்போதுகூட, 'ஏழாம் நம்பர், அகலக் கால், குதிகால் வெளிப்பக்கம் தேயும்' என்றுதான் மனசுக்குள் ஓடும். ஆள் எந்தப் பக்கம் அடிக்கப் போகிறான் என்பது அவன் கட்டை விரலிலேயே தெரிந்துவிடும் என்பார். தெரியத்தான் செய்தது. அவரை ஒரு அடி தொட்டவர்கள் அந்த வகுப்பில் யாரும் இல்லை.

புத்தி சொல்வதில் மாஸ்டர் தாராளம். தோளைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்து, "இறக்குங்க. தோள் என்ன காதுக்குக் கம்மலா?" என்பார். முஷ்டியை இறுக்கிப் பிடித்து மூச்சையும் பிடித்துக்கொள்பவர்களிடம், "மூச்சை விடுங்க. அதை வெச்சிருந்து என்ன பண்ணப் போறீங்க, வட்டியா வரும்?" என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று உண்டு. கட்டா செய்யும்போது நடுவில் பிசகிப்போய் யாராவது விழித்துக்கொண்டு நின்றால், அதுதான் அவருக்குப் பொறுக்காது. கட்டா என்பது எதிரி இல்லாமலே போடுகிற சண்டை. எந்த அடிக்குப் பிறகு எந்த அடி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் பரம்பரையாக எழுதி வைத்த மாதிரி இருக்கும்.

"தப்பு வந்துடுச்சா? வரட்டும். அந்தத் தப்பை முழுசாப் பண்ணிட்டு வாங்க. பாதியில நின்னு முழிச்சீங்கன்னா ரெண்டு தப்பு."

இவ்வளவும் மாடியில்தான். வீட்டில் புத்தி சொல்கிற உத்தியோகம் மனைவியுடையது. அவர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வீட்டில் ஒரு ஸ்பூன் இடம் மாறி இருந்தாலும், "எண்ணிக்கை சரியா வரலை" என்று சொல்லி எல்லோரையும் நிறுத்தி வைத்துவிடுவார்.

அப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் கராத்தே சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வருகிற ஆண்டிலிருந்து கறுப்பு பெல்ட்டில் மூன்றாம் படி வாங்கியவர்கள் மட்டுமே தங்கள் மாணவர்களுக்குத் தேர்வு வைத்து பெல்ட் கட்டலாம். மற்றவர்களுடைய மாணவர்கள் பக்கத்தில் இருக்கிற தகுதியுள்ள மாஸ்டரிடம் சேர்க்கப்படுவார்கள்.

மாஸ்டர் இரண்டாம் படி. வாங்கிப் பதினாறு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் ஏற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. பக்கத்தில் இருந்த தகுதியுள்ள மாஸ்டரோ பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏசி போட்டு ஹால் வைத்திருந்தார். சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கே முதல் நிமிஷத்திலிருந்தே கத்தலாம்.

கடிதத்தை மாஸ்டர் வகுப்பில் படித்துக் காட்டினார். எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரிசையில் லாண்டரி அக்கா. ஐம்பத்து மூன்று வயது, அடுத்த தெருவில் துணி வெளுக்கிற கடை. தோள் வலிக்கு உடற்பயிற்சி செய்யச் சொன்னார்கள் என்று ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர், தோள் வலி போன பிறகும் போகவில்லை. பிரவுன் பெல்ட்டின் கடைசிப் படியில் இருந்தார். அடுத்தது கறுப்புதான்.

"நீங்க பாஸ் பண்ணலைன்னா எங்களை அந்த ஏசிக்காரர்கிட்ட அனுப்பிடுவாங்களா மாஸ்டர்?"

"அனுப்புறது இல்லக்கா. நீங்களா போய்ச் சேரணும்."

"நான் போகலை. கறுப்பு கட்டினா உங்க கையால கட்டிக்கிறேன். இல்லாட்டி பிரவுனே இருக்கட்டும். அதுல அழுக்கும் தெரியாது."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குப் படியிறங்கும்போது இரண்டு தடவை கைப்பிடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். ஒன்பது வருஷம் ஒருவர் காத்திருந்து, கடைசியில் தன்னால் அது இல்லாமல் போனது என்று ஆகிவிடக் கூடாது. அவருக்கு வந்த பயம் அது ஒன்றுதான்.

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. செய்ய வேண்டியது ஒரே கட்டா. வாரத்தில் மூன்று நாள் அவர் சொல்லிக்கொடுப்பதுதான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார்.

"ஒரு தடவை செய்யுங்க மாஸ்டர், நான் போன்ல எடுக்குறேன். நீங்களே பாத்துக்கலாம்," என்றாள் ரிசப்ஷன் பெண்.

செய்தார். சட்டைக் கை ஒவ்வொரு குத்துக்கும் 'டப் டப்' என்று சவுக்கு மாதிரி வெடித்தது. (அதில் பாதிப் பெருமை லாண்டரி அக்காவுக்குச் சேரும். மாஸ்டருடைய வெள்ளை உடுப்புக்கு மட்டும் அவர் தனியாகக் கஞ்சி போடுவார்.) முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பஸ் ஓட்டுகிற டிரைவர் அண்ணன் விசிலே அடித்துவிட்டார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, சங்கத்தார் வெளியிட்டிருந்த மாதிரி வீடியோவை லாண்டரி அக்கா தன் போனில் போட்டு, இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே நேரத்தில் ஓட விட்டார்.

இரண்டு பேரும் வணங்கினார்கள். இரண்டு பேரும் நின்றார்கள். அப்புறம் கோபித்துக்கொண்ட புருஷன் பெண்டாட்டி மாதிரி, அவர் அந்தப் பக்கம் திரும்பினார், இவர் இந்தப் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், இங்க வாங்க. அவர் முதல்ல இடது பக்கம் போறார். நீங்க வலது பக்கம் போறீங்க."

"போன் கேமரா அப்படித்தான்க்கா, மாத்திக் காட்டும்."

"மாத்திக் காட்டினா எழுத்தும் மாறித்தானே இருக்கணும்?" வீடியோவில் மாஸ்டரின் தலைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்த தாள் தெரிந்தது. 'உள்ளே காலணி கூடாது' என்று நேராக, அழகாகப் படிக்க வந்தது.

மாஸ்டர் அந்தத் தாளைப் பார்த்தார். சுவரில் இருந்ததையும் பார்த்தார், போனில் இருந்ததையும் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார்.

விஷயம் இதுதான். மாணவர்களுக்கு எதிரே நின்று சொல்லிக்கொடுக்கிறவர், "இடது!" என்று சொல்லும்போது தன் வலது பக்கம் திரும்ப வேண்டும். அப்போதுதான் எதிரே இருப்பவர்கள் அவரைப் பார்த்து அப்படியே இடது பக்கம் திரும்புவார்கள். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி. மாஸ்டர் பதினாறு வருஷமாக அப்படித்தான் செய்தார். கடையிலும் அதே கதை. "இடது காலைக் குடுங்க" என்று சொல்லி வலது கையை நீட்டுகிற பிழைப்பு. இப்படி மாற்றி மாற்றிச் செய்ததில், உடம்பு கட்டாவின் ஒழுங்கான பக்கத்தை மறந்தே போய்விட்டது. இருபத்தேழு அசைவும் சுத்தம், ஆனால் எல்லாமே வலது இடதாக.

டிரைவர் அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. "மாஸ்டர், அப்ப நாங்க? ஏழு வருஷமா நாங்களும் தலைகீழாத்தான் பண்ணிட்டு இருக்கோமா?"

"இல்ல. நீங்க எல்லாரும் சரி. நான்தான்."

வீட்டில் சொன்னபோது மனைவி சிரிக்கவில்லை. தொழில்ரீதியாக எடுத்துக்கொண்டார்.

"இதுக்கு எங்ககிட்ட முறை இருக்கு. எந்தக் கால்ல ஆபரேஷனோ அதுல மார்க்கர்ல எழுதிட்டுத்தான் கத்தியவே எடுப்போம். காலை நீட்டுங்க."

"எது வலது கால்னு எனக்குத் தெரியும்மா. காலுக்குத்தான் தெரியல."

"அதான் கால்லயே எழுதுறேன். படிச்சுக்கட்டும்."

வலது பாதத்தில் 'வ', இடது பாதத்தில் 'இ'. ஆஸ்பத்திரி மை. தண்ணீருக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. கொஞ்சம் மங்கினால் மனைவி மறுபடி எழுதினார். மாஸ்டர் படுக்கையறையில் பயிற்சி செய்தார், கூடத்தில் செய்தார், ஒரு நாள் அடுப்படியில் செய்து பாத்திர இழுப்பறையை உதைத்து மூட முடியாமல் ஆக்கினார். மனசால் யோசித்து நிதானமாகச் செய்தால் சரியாக வந்தது. வேகம் பிடித்த அடுத்த நொடி, உடம்பு 'நீங்க ஒதுங்குங்க, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லி வலது பக்கம் போய்விடும்.

மனைவி கதவில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதிர்ல எட்டுப் பேர் நிக்கிறதாவே உங்களுக்கு நெனப்பு. வீட்ல யாருங்க இருக்கா? நானும் பக்கவாட்டுலதான் நிக்கிறேன்."

அதைத்தான் லாண்டரி அக்காவும் வேறு விதமாகச் சொன்னார்.

"மாஸ்டர், பின்னால வந்து நில்லுங்க."

"எங்கே பின்னால?"

"எங்களுக்குப் பின்னால. கடைசி வரிசையில. நான் முன்னால நிக்கிறேன். எங்க முதுகைப் பாத்துக்கிட்டே செஞ்சீங்கன்னா நாங்க போற பக்கம்தானே நீங்களும் போகணும்?"

கராத்தே வகுப்பில் யார் எங்கே நிற்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. மூத்தவர்கள் முன்னால், நேற்று சேர்ந்தவர்கள் கடைசியில். கடைசி வரிசையில் அப்போது நின்றது, சேர்ந்து மூன்று வாரம் ஆன ஒரு வங்கி ஊழியர். அவருக்கு இன்னும் பெல்ட்டில் முடிச்சுப் போடவே வரவில்லை. நடுவில் அவிழ்ந்து விழும். அவருக்குப் பக்கத்தில் மாஸ்டர் நிற்பதா?

"அது முறை இல்லக்கா," என்றார் மாஸ்டர்.

"சரி," என்றார் அக்கா. வற்புறுத்தவில்லை. துணியில் கறை உடனே போகவில்லை என்றால் ஊற வைக்கத் தெரிந்தவர்.

மூன்று வாரம் ஊறியது. தேர்வுக்குப் பதினாறு நாள் இருக்கும்போது ஒரு சாயங்காலம் மாஸ்டர் வந்தார், வணங்கினார், நேரே நடந்து கடைசி வரிசைக்குப் போய் வங்கி ஊழியருக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று அக்கா முன்னமே சொல்லி வைத்திருந்தார். வங்கி ஊழியர் மட்டும் பதற்றத்தில் மாஸ்டரையே வணங்கி, சுவரையும் வணங்கி, பெல்ட்டைக் கீழே விட்டார்.

முன்னால் நின்ற அக்காவின் பின்தலையில் ஆரஞ்சு நிறத்தில் பெரிய கிளிப் ஒன்று இருந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் கிளிப் அங்கேதான் இருந்திருக்கிறது. மாஸ்டர் அன்றைக்குத்தான் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டார். கிளிப் இடது பக்கம் போனால் இவரும் இடது. கிளிப் திரும்பினால் இவரும். முதல் இரண்டு தடவை வங்கி ஊழியரோடு மோதிக்கொண்டார். மூன்றாவது தடவை மோதவில்லை.

"கடைசி வரிசை!" என்று முன்னால் இருந்து அக்காவின் குரல் வந்தது. அவர் திரும்பிப் பார்த்து நடந்து வந்தார். "தோளை இறக்குங்க. தோள் என்ன காதுக்குக் கம்மலா?"

வங்கி ஊழியர் அவசரமாகத் தோளை இறக்கினார்.

"உங்களை இல்ல, தம்பி. மாஸ்டரை."

மாஸ்டர் இறக்கினார். பயத்தில் தோள் உண்மையிலேயே காது வரைக்கும் ஏறித்தான் இருந்தது. அந்தச் சொல்லை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். கேட்பதற்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் உறைத்தது, ஆனால் தோள் இறங்கிவிட்டது.

பின்னால் நின்றதில் இன்னொன்றும் நடந்தது. பதினாறு வருஷமாக முகங்களையும் முஷ்டிகளையும் கால்விரல்களையும் பார்த்திருந்த மனிதருக்கு முதல்தடவையாகக் குதிகால்கள் தெரிந்தன. செருப்புக் கடைக்காரருக்குக் குதிகாலைவிடப் பெரிய புத்தகம் கிடையாது. டிரைவர் அண்ணனின் வலது குதிகால் தரையில் படவே இல்லை. நாள் முழுக்க பெடலில் இருக்கிற கால், வகுப்பிலும் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே நின்றது. ரிசப்ஷன் பெண் உதைக்கும்போது நின்ற கால் ஓரமாகச் சாய்ந்தது. அக்காவின் வலது தோள் இடதைவிட ஒரு விரல் தாழ்ந்திருந்தது, இஸ்திரிப் பெட்டியின் கனம். முன்னால் நின்று பார்த்தவரை இதெல்லாம் சட்டைக்குள்ளும் முழங்காலுக்குப் பின்னாலும் ஒளிந்திருந்திருக்கிறது. 'இத்தனை வருஷம் பாதி ஆளைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்' என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசி வரிசையில் நிற்பவர் பேசக் கூடாது. அதுவும் முறைதான்.

பதினாறு நாளும் கிளிப்பைப் பார்த்தே செய்தார். கட்டா திரும்பி வந்துவிட்டது.

தேர்வு நாளன்று அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்தார். மாஸ்டருடைய உடுப்பைத் தானே கொண்டுவந்தார். இரட்டைக் கஞ்சி. அதைத் தரையில் வைத்தால் ஆள் இல்லாமலே நிற்கும். டிரைவர் அண்ணன் வேலையை வேறு ஒருவரிடம் மாற்றிக்கொண்டு வந்தார். ரிசப்ஷன் பெண் டாக்டரிடம் பல் வலி என்று சொல்லி விடுப்புக் கேட்டிருக்கிறாள்; 'உட்கார், பார்க்கிறேன்' என்று அவர் விளக்கைப் போட்ட பிறகு உண்மையைச் சொல்லி வாங்கி வந்திருந்தாள். மனைவிக்கு அன்றைக்கு மூன்று ஆபரேஷன், வர முடியவில்லை. காலையில் கிளம்பும்போது இரண்டு பாதத்திலும் எழுத்தைப் புதிதாக அழுத்தி எழுதி அனுப்பியிருந்தார்.

சங்கத்தின் பெரிய ஹால். ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் தேர்வாளர்கள் மூன்று பேர். நடுவில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியவர். அவர் பேனாவை மூடுகிற சத்தத்துக்கே ஆட்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தேர்வாளர்களுக்குப் பின்னால் பார்வையாளர்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அக்காவும் டிரைவர் அண்ணனும் ரிசப்ஷன் பெண்ணும் போய் உட்கார்ந்தார்கள்.

அங்கேதான் கெட்டது. யாருமே இதை யோசிக்கவில்லை.

மாஸ்டர் நடுவில் வந்து நின்று வணங்கி நிமிர்ந்தார். எதிரே பார்த்தால் தன் வகுப்பு. அக்கா முகம், டிரைவர் முகம், ரிசப்ஷன் பெண் முகம், மூன்றும் அவரையே பார்த்தன, சொல்லிக்கொடுங்கள் என்கிற மாதிரி. பதினாறு நாள் பழக்கம் பதினாறு வருஷப் பழக்கத்தைப் பார்த்து எழுந்து நின்று இடம் கொடுத்தது. மாஸ்டர் கம்பீரமாக வலது பக்கம் திரும்பினார்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் அண்ணனின் வலது கால் தானாக பிரேக்கை மிதித்தது.

திரும்பிய நொடியே மாஸ்டருக்குத் தெரிந்துவிட்டது. நின்றுவிடலாமா? நின்றால் ரெண்டு தப்பு. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். சரி, போ என்று விட்டுவிட்டார். தப்பை முழுசாகச் செய்தார். கத்த வேண்டிய இடம் வந்தபோது, பழக்கத்தில் அவர் பார்வை ரிசப்ஷன் பெண்ணிடம் போனது. அவள் பதறிப்போய்த் தலையை ஆட்டினாள், கத்தலாம் என்று. கத்தினார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இருபத்தேழு அசைவும் ஒரு பிசிறு இல்லாமல் வலதும் இடதும் மாறி முடிந்தன. வணங்கி நின்றார்.

நடு அம்மா பேனாவை மூடினார்.

"கால்ல என்ன எழுதியிருக்கு?"

"வலது, இடதுங்க. வீட்ல ஆபரேஷன் தியேட்டர்ல நர்ஸு."

"எழுதியுமா?"

மாஸ்டர் தலையைக் குனிந்தார். அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்தார்.

"எத்தனை வருஷமா எதிர்ல நின்னு சொல்லிக் குடுக்குறீங்க?"

"பதினாறு வருஷம்ங்க."

"எனக்கு ஒன்பதாவது வருஷமே வந்துடுச்சு," என்றார் அந்த அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், சளி பிடித்ததைச் சொல்கிற மாதிரி. பக்கத்தில் இருந்தவர் தன் பேப்பரைப் பார்த்துக்கொண்டே, "நமக்கு இன்னும் இருக்கு," என்று முணுமுணுத்தார். பிறகு அந்த அம்மா குரலை நேராக்கினார். "தெரிஞ்ச வியாதிங்கிறதுக்காக மார்க் போட முடியாது. விதிப்படி ஒரு தடவை திருப்பிச் செய்யலாம். ஒரே தடவை. ரெண்டு நிமிஷம் எடுத்துக்குங்க."

அந்த இரண்டு நிமிஷத்தில்தான் லாண்டரி அக்கா எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கி, திருப்பிப் போட்டு, மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர் அண்ணன் ஒரு கணம் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் அவரும் திருப்பிப் போட்டார். ரிசப்ஷன் பெண்ணும். நாற்காலிக் கால்கள் தரையில் கிரீச்சிட்ட சத்தத்தில் மூன்று தேர்வாளர்களும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் வரிசையாக மூன்று முதுகு.

"என்ன இது? தீர்ப்புப் பிடிக்கலையா?" என்றார் அந்த அம்மா.

"ஐயோ, இல்லைங்க," என்றார் அக்கா சுவரைப் பார்த்தபடியே. "மாஸ்டருக்கு எங்க மூஞ்சிதான் வியாதி. முதுகுதான் மருந்து."

மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். மேஜைக்கு மேலே, தேர்வாளர்களின் தலைக்குப் பின்னால், ஆரஞ்சு கிளிப் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் தெரிந்தவரைப் பார்த்த மாதிரி இருந்தது. மூச்சை விட்டார். தோள் இறங்கியது. கிளிப் அசையவில்லை, ஆனாலும் அது எந்தப் பக்கம் போகும் என்று அவருக்குத் தெரியும்.

இடது பக்கம் திரும்பினார்.

பிறகு நடந்ததைச் சொல்ல மூன்று தேர்வாளர்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவர்கள் அதிகம் பேசுகிறவர்கள் இல்லை. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி நீட்டினார்கள். நடு அம்மா மட்டும் ஒன்று சொன்னார்: "திரும்பிப் போனதும் வாரத்துல ஒரு நாளாவது அவங்களுக்குப் பின்னால நில்லுங்க. நானும் அப்படித்தான் நிக்கிறேன்."

வாசலில் மூன்று பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். டிரைவர் அண்ணன் தாளை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். ரிசப்ஷன் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து விக்கல் எடுத்தது.

"ஒரு விஷயம் பாருங்க," என்றார் டிரைவர் அண்ணன். "லீவு போட்டு வந்தோம், மாஸ்டர் ஒழுங்காப் பண்ணினதை ஒருத்தரும் பாக்கலை. எப்படி மாஸ்டர், நல்லா வந்துச்சா?"

"அதை நானே எப்படிச் சொல்றது?"

"நான் சொல்றேன்," என்றார் லாண்டரி அக்கா. "முதல் தடவை மூணாவது குத்துல சட்டைச் சத்தம் பாதிதான் வந்துச்சு, பயம். ரெண்டாவது தடவை ஒண்ணுகூட விடலை. எல்லாம் முழுசா டப்பு டப்புனு கேட்டுச்சு. கஞ்சி பொய் சொல்லாது."

மாஸ்டர் குனிந்து அவரை வணங்கினார். வகுப்பில் ஒருவர் நன்றாகச் செய்தால் வணங்குவாரே, அந்த அளவுக்குத்தான். அதற்கு மேல் வணங்கியிருந்தால் அக்காவே திட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி தாளைப் படித்துவிட்டு, "எழுத்து உதவி பண்ணுச்சா?" என்று கேட்டார். "ரொம்ப," என்றார் மாஸ்டர். முப்பது வருஷத்தில் அவர் கற்றுக்கொண்ட தற்காப்புக் கலைகளில் அதுவும் ஒன்று.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்கு வகுப்பு வழக்கம்போல் ஊமையாக ஆரம்பித்தது. முன்னால் அக்கா நின்றார். மாஸ்டர் எல்லோருக்கும் பின்னால் போய் நின்றார். ஆறரை வரைக்கும் எதுவும் சொல்லவில்லை. ஆறரைக்கு ரிசப்ஷன் பெண் ஓடி வந்தாள்.

"கடைசிப் பல்லு போயாச்சு. கத்தலாம்!"

"டிரைவர்!" முதல் கத்தல் மாஸ்டருடையதாக இருந்தது. "வலது குதிகால்! கீழ வைங்க!"

டிரைவர் அண்ணன் திடுக்கிட்டுத் தன் காலைப் பார்த்தார். குதிகால் தரைக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் இருந்தது.

"இது எத்தனை நாளா மாஸ்டர் இப்படி இருக்கு?"

"ஏழு வருஷமா."

"ஏன் சொல்லலை?"

"இப்பத்தான் பாத்தேன். வைங்க கீழ."

வைத்தார். "அக்கா, உங்க வலது தோள்," என்றார் மாஸ்டர் அடுத்து. "ஒரு விரல் தாழ்ந்திருக்கு. கறுப்புப் பெல்ட் தேர்வுக்கு இன்னும் ரெண்டு மாசம்தான். நான் வைக்கிற தேர்வு. அதுக்குள்ள ஏத்தணும்."

"இறக்குங்க இறக்குங்கன்னு ஒன்பது வருஷம் சொல்லிட்டு, இப்ப ஏத்தணுமா?" என்று அக்கா திரும்பாமலே கேட்டார். ஆனாலும் ஏற்றினார். ஒரு விரல், சரியாக.